நீலப் பூப்போட்ட கடதாசிக் குவளை

அந்த மாரிகாலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றை உறுதியாக நம்பினோம். ஊரில் மனிதரை மனிதர் தள்ளிவைத்த வழக்கங்கள் ஊரோடு நின்றுவிட்டன, விமானத்தில் எங்களோடு வந்தவை நான்கு பெட்டிகள் மட்டுமே என்பதுதான் அது. அப்பா இதை வாய்விட்டே சொல்வார். "இஞ்ச ஆர் என்ன ஆக்கள் எண்டு ஆர் கேக்கினம்? பனிக்கு முன்னால எல்லாரும் ஒண்டுதான்." அம்மா தலையாட்டுவார். எனக்குப் பத்து வயது. வீட்டார் நம்பியதை நானும் நம்பினேன்.

உங்களில் பலர் என்னைப் போலவே இந்த நகரத்துக்குப் பிள்ளைகளாக வந்து, இன்று தலைக்கு மை பூசுவதா விடுவதா என்று யோசிக்கும் வயதுக்கு வந்திருப்பவர்கள். மொன்றியலில் அந்த முதல் வருடங்களின் வாசனை உங்களுக்கு மறந்திராது: வெப்பக் குழாய்களின் மேல் காயும் கம்பளிக் காலுறைகள், வாசலில் சேறும் உப்பும் வடியும் சப்பாத்துகள், யன்னலைத் திறக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றும் வெங்காயத் தாளிதம். பெரியவர்களுக்குப் பாஷை தெரியாததால் வைத்தியரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அலுவலகங்களிலும் நாங்கள்தான் அவர்களுக்கு வாய். நான் இங்கே எழுத வந்தது அப்படி ஒருநாள் என் வாயிலிருந்து வந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

வில்லரேப் பகுதியில், வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு வைத்த கட்டிடம் ஒன்றில் நாங்கள் கீழ்வீட்டில் இருந்தோம். மேல்வீட்டில் ஒரு தகப்பனும் மகளும். மகள் என் வயது, என் வகுப்பு. அவளுடைய தாய் ஊரிலேயே காலமாகிவிட்டார். தகப்பன் ஒரு பெரிய சமையற்கூடத்தில் கோப்பை கழுவினார். எங்களை விமான நிலையத்தில் கூட்டிக்கொண்டு வந்து, இந்த வீட்டைப் பிடித்துத் தந்து, சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் அப்பாவை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். அப்பாவின் மற்றச் சிநேகிதர்கள் எல்லோரும் எங்களுக்கு மாமா, சித்தப்பா. அவர் மட்டும் அங்கிள். அந்த வித்தியாசம் ஏன் என்று நான் கேட்டதில்லை. ஆங்கிலச் சொல் ஆகையால் அது கொஞ்சம் உயர்ந்த சொல் என்றே எண்ணியிருந்தேன்.

குவளைகளைப் பற்றியும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அம்மாவிடம் பொன் விளிம்பு போட்ட பீங்கான் செற் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் வருகிற மாமாமாருக்கும் மாமிமாருக்கும் தேத்தண்ணி அதில்தான். அங்கிளும் மகளும் வந்தால் அம்மா அலுமாரியின் மேல்தட்டைத் திறப்பார். அங்கே, தெருமூலை டெப்பனர் கடையில் வாங்கிய கடதாசிக் குவளைகள், ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். வெள்ளைக் கடதாசி, சுற்றிவர சின்னச் சின்ன நீலப் பூக்கள். அவர்களுக்காகவே கடைக்குப் போய் வாங்கியவை, ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடாதவை, ஒவ்வொரு முறையும் புத்தம் புதியவை. எனக்கு அவற்றின் மேல் அப்படி ஓர் ஆசை. ஒருநாள் கதிரையில் ஏறி ஒன்றை எடுத்துப் பால் ஊற்றிவிட்டேன். அம்மா அதைப் பறித்து, என் மணிக்கட்டில் ஓர் அடியும் போட்டார்.

"அது உனக்கில்லை."

"ஏன்?"

"அது வாறவைக்கு."

ஆக, அது மரியாதை என்று முடிவு செய்துகொண்டேன். மாமாமாரை விட அங்கிளுக்கு எங்கள் வீட்டில் மதிப்புக் கூட என்று அவர் மகளிடமே பெருமையாகச் சொன்னேன். அவளும் நம்பினாள். தான் குடித்த குவளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, கட்டிலுக்குக் கீழே கோபுரமாக அடுக்கி வைத்திருந்தாள். அங்கிள் குடித்து முடித்தால் குவளையைக் கையில் நசித்து, மேற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார். எங்கள் குப்பைவாளியில் ஒருநாளும் போட்டதில்லை. அது அவருடைய ஒழுங்கு என்று அப்பா புகழ்வார்.

அம்மாவைப் பற்றி உங்களுக்குப் பிழையான எண்ணம் வந்துவிடக் கூடாது. தாயில்லாத அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு காலையும் தலை பின்னி விட்டவர் அவர். அவள் தன் சீப்பைக் கொண்டு இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வருவாள். அம்மா அவளைத் தன் முழங்கால்களுக்கிடையில் இருத்தி, எனக்குப் பின்னுவதை விடக் கவனமாகப் பின்னுவார். இடுப்புவரை வளர்ந்த தலைமயிர். "என்ன வடிவான மயிர். தேப்பன்காறனுக்கு எண்ணெய் வைக்கத் தெரியுமே, பாவம்" என்று புறுபுறுத்துக்கொண்டே நெற்றியில் விழுகிற மயிரை எச்சில் தொட்டு ஒதுக்குவார். சீப்பு மட்டும் அவளுடையதாக இருக்க வேண்டும்.

மாசி மாதத்தில் எங்கள் ஆசிரியை வகுப்பறைக்குக் குறுக்கே உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு ஒன்றைக் கட்டினார். ஹெயிட்டியில் பிறந்தவர். உயரமான, கறுத்த, சிரிக்கும்போதுகூடக் கண்களில் எச்சரிக்கை வைத்திருந்த பெண்மணி. தெற்கே எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்காவின் வரலாற்றை அந்தக் கயிற்றில் உடுப்புக் கவ்விகளால் மாட்டினார். ஓர் அட்டையில் கப்பலின் அடியில் சங்கிலியோடு வந்த மனிதர். ஓர் அட்டையில் உள்நாட்டுப் போரும் அடிமைமுறையை ஒழித்த சட்டமும். பிறகு கயிற்றில் நீண்ட தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. அதற்கு அப்பால்தான் பள்ளிக்கூடங்களை நிறத்தால் பிரிப்பது தவறு என்ற தீர்ப்பு, ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போன ஓர் ஊரின் சனங்கள், உணவகத்தில் வெள்ளையருக்கான இருக்கைகளில் போய் அமர்ந்து கோப்பி கேட்ட மாணவர்கள், தலைநகரில் கடலாகக் கூடிய கூட்டம்.

"இந்த வெறும் கயிற்றைப் பாருங்கள்," என்றார் ஆசிரியை. "ஏறக்குறையத் தொண்ணூறு வருடம். அடிமைச் சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் பாடம்."

எங்கள் வகுப்பில் ஒருவன், "அது அமெரிக்கா மதாம், நாங்கள் கனடா" என்றான். ஆசிரியை அவனைக் கோபிக்கவில்லை. இதே நகரத்தில் ஒரு கறுப்பருக்கு மதுக்கடையில் பியர் கொடுக்க மறுத்ததையும், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கடைக்காரரின் பக்கம் நின்றதையும் சொல்லிவிட்டு, கயிற்றின் வெறும் பகுதியில் இன்னோர் அட்டையை மாட்டினார்.

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, சோடிக்கொரு தலைப்பு எடுத்துப் பெற்றோர் முன்னால் பேச வேண்டும். எனக்கும் மேல்வீட்டுத் தோழிக்கும் கிடைத்தது குடிதண்ணீர். நூலகப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒரே சுவரில் இரண்டு குழாய்கள், மேலே இரண்டு பலகைகள். ஒன்று உயரமாய்ப் பளபளப்பாய், மற்றது தாழ்வாய்த் துருவேறி. ஒரு மனிதர் தாழ்ந்த குழாயில் குனிந்து குடிக்கிறார்.

படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். சனிக்கிழமைக்கு ஆயத்தமாக அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பிள்ளை?"

"வெள்ளை ஆக்களுக்கு ஒரு குழாய். கறுப்பு ஆக்களுக்கு வேற குழாய். மாறிக் குடிச்சா அடிப்பினமாம், பொலிஸ் பிடிக்குமாம்."

அம்மா துணியை வைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கின. "தண்ணியிலயுமே? குடிக்கிற தண்ணியில? என்ன கல்நெஞ்சுக்காறர்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடதாசிக் குவளைகள் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று மேல்தட்டை எட்டிப் பார்த்தார்.

அம்மா நடிக்கவில்லை. அந்த இரண்டு காரியங்களும் அவருடைய மனத்தில் இரண்டு வேறு அலுமாரிகளில் இருந்தன. அவ்வளவே. நாற்பது வருடம் கழித்து இதை எழுதும்போதும் அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்.

எங்கள் சமையலறை மேசையில் தோழியும் நானும் பெரிய அட்டையில் குழாய்களை வரைந்தோம். காட்டுவதற்குச் சாமான்கள் வேண்டும் என்று தோன்றியது. வெள்ளையரின் குழாய்க்குக் கண்ணாடித் தம்ளர் ஒன்றை நான் எடுத்து வைத்தேன். மற்றதற்கு என்ன என்று யோசித்து, கதிரையில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு கடதாசிக் குவளையை இறக்கினேன். மலிவானது, குடித்ததும் எறிவது, தாழ்ந்த குழாய்க்குப் பொருத்தமானது என்று என் கை எனக்கு முன்னரே அறிந்திருந்தது போலும்.

அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்களுக்குத் தாறதெல்லே?"

"ஓம். வடிவெல்லே?"

"உனக்கு இதில தாறேல்லையே?"

"தொடவும் விடமாட்டா. அடிதான்."

"உங்கட மாமா ஆக்களுக்கு?"

"அவைக்கு அந்தப் பழைய பீங்கான்தான்," என்றேன், அவளைத் தேற்றுகிற குரலில்.

அவள் குவளையை மேசையில் வைத்தாள். குழாய்க்கு நிறம் தீட்டத் தொடங்கினாள். அன்று அம்மா கொடுத்த தேத்தண்ணியை அவள் குடிக்கவில்லை. பாலாடை மிதக்க அது மேசையில் ஆறிப்போய் இருந்தது.

பெற்றோர் வந்த மாலை பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. ஐந்து மணி. வெளியே பனி உருகி ஒழுகியது. அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அம்மா மேலங்கிக்குள் சேலை. அங்கிள் வேலையிலிருந்து நேரே வந்தவர், கைவிரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தன. மூவரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது.

நான் மனப்பாடம் செய்த பகுதியை ஒப்புவித்தேன். பிறகு அவள். எழுதி வைத்திருந்த தாளை அவள் பார்க்கவே இல்லை. கடதாசிக் குவளையை உயர்த்திப் பிடித்து, எங்கள் வகுப்புப் பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்:

"இது படத்தில் இல்லாதது. என் சிநேகிதியின் வீட்டில் என் அப்பா இந்தக் குவளையில் குடிக்கிறார். மற்றவர்கள் பீங்கானில் குடிக்கிறார்கள். அவர் வாய் வைத்ததை அவர்கள் கழுவ விரும்பவில்லை."

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அங்கிள் என்ற சொல், சீப்பு, மேல்தட்டு, மணிக்கட்டில் விழுந்த அடி, எல்லாம் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஆசிரியை அசையாமல் நின்றார். பிறகு, தமிழ்ப் பெற்றோருக்கு விளங்கவில்லை என்பதைக் கண்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "உன் சிநேகிதி சொன்னதை அவர்களுக்கு உங்கள் மொழியில் சொல்."

அவர் ஏன் என்னிடம் கேட்டார் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்கொரு வாய்ப்புத் தந்தார் என்றே இப்போது நினைக்கிறேன்.

மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முன்னால் சாய்ந்து, சிரித்த முகமாய்.

"அவ சொல்லுறா," என்றேன், "அமெரிக்காவில அந்தக் காலத்தில கறுப்பு ஆக்களுக்குப் பேப்பர் கப்பிலதான் தண்ணி குடுத்தவையாம். மற்ற ஆக்களுக்கு நல்ல கப்பிலயாம்."

அம்மா உச்சுக் கொட்டினார். "ச்சே, பாவங்கள்." அப்பா பெருமூச்சு விட்டார். முதலில் கை தட்டியவர் அங்கிள். எழுந்து நின்று, அந்த ஊறிய கைகளால், மற்றவர்கள் ஓய்ந்த பின்னும் தட்டிக்கொண்டிருந்தார். தன் பிள்ளை என்ன சொன்னாள் என்றே தெரியாமல் மகிழும் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை. ஆளைச் சரியாக அடையாளம் கண்டுகொண்ட பார்வை.

அடுத்த காலை அவள் சீப்போடு இறங்கி வரவில்லை. அதற்கடுத்த காலையும் வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாசலில் கண்டேன்: தலைமயிர் காதுக்குக் கீழே ஒட்ட வெட்டப்பட்டிருந்தது, பின்னால் கோணலாக, வீட்டுக் கத்தரிக்கோலால் தானே வெட்டியது போல. பின்னேரம் அவள் படியேறுவதை அம்மா யன்னலால் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஐயோ, அந்த மயிரை. ஒரு சொல்லுச் சொன்னவளே எனக்கு? தாயில்லாட்டி இப்பிடித்தான்." அன்று அம்மா சமைக்கவில்லை. முழங்கால்களைத் தடவிக்கொண்டே கட்டிலில் இருந்தார்.

அங்கிள் சில சனிக்கிழமைகள் தனியே வந்தார். பிறகு வேலை கூட என்று நின்றுவிட்டார். ஆடி மாதம் முதலாம் திகதி, இந்த நகரமே சாமான் தூக்கி வீடு மாறும் அந்த நாளில், அவர்களும் ஆற்றுக்கு அப்பால் லவாலுக்குப் போனார்கள். அவர்களுடைய மெத்தை இரும்புப் படிக்கட்டின் வளைவில் சிக்கிக்கொள்ள, அப்பா கீழே நின்று தள்ளிவிட்டார். வாகனம் போன பிறகு எங்கள் வாசலில் ஒரு பொதி கிடந்தது. கழுவிக் காயவைத்து ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிய கடதாசிக் குவளைகள், ஒரு முழ உயரத்துக்கு.

"நல்ல கப்புகள்," என்றார் அம்மா. "என்னத்துக்கு எறிஞ்சிட்டுப் போகுதுகள்?" அவற்றில் மண் நிரப்பி மிளகாய் விதை போட்டார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் பல்கனியில் நீலப் பூக்களுக்கு மேலே பச்சை மிளகாய்க் கன்றுகள் நின்றன. நான் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

எங்கள் அட்டை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பீங்கான் செற்றில் இரண்டு மட்டும் மிஞ்சி, அம்மாவின் அறையில் ஊசிநூல் போட உதவின. கடைசி வருடத்தில் பல நினைவுகள் அவரை விட்டுப் போன பிறகும் ஒரு கேள்வி போகவில்லை. "அந்த மேல்வீட்டுப் பிள்ளை ஏன் தலைமயிரை வெட்டினவள்?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்பேன். அம்மாவுக்கும் நான் சரியாக மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை.

போன மாரியில் அம்மா காலமானார். அங்கிளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முகவரி தேடிப் பிடித்து, செம்மஞ்சள் பாதை மெட்ரோவில் லவாலுக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்தேன். எண்பதைத் தாண்டியவர், தனியே இருந்தார். மகள் மேற்கே தூரத்து நகரமொன்றில். புதுவருட வாழ்த்து அனுப்பினால் ஒற்றை வரியில் நன்றி சொல்வாள். அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம்.

செய்தியை வாசலிலேயே கேட்டார். பிறகு என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே தேத்தண்ணி போட்டு, கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து தந்தார். தனக்கும் அதே மாதிரி ஒன்று.

"அங்கிள், நான் அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில பிழையாச் சொன்னனான். அவள் சொன்னது வேற."

"தெரியும் பிள்ளை."

"எப்பிடி? உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதெல்லே?"

"கோப்பை கழுவினவனுக்குக் கோப்லே எண்டா கடதாசிக் கப் எண்டு தெரியாதே?" அவர் சிரித்தார். "முதல் கிழமையே படிச்சது. தட்டு, கிண்ணம், தம்ளர் எல்லாம் என்ர தொட்டிக்க வரும். கோப்லே மட்டும் வராது. அது கழுவத் தேவையில்லாத சாமான். அதையும் 'என் அப்பா' எண்டதையும் ஒரே வசனத்தில சொன்னாள். மிச்சம் விளங்காதே?"

"பேந்து ஏன் கை தட்டினனீங்கள்?"

"என்ர பிள்ளை அத்தனை பேருக்கு முன்னால எழும்பி நிண்டு சொன்னவள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதே?" தம்ளரை மேசையில் வைத்தார். "நானும் இருவது வயசில ஒருக்கா எங்கட சந்தியில தேத்தண்ணிக் கடைக்குள்ள போய் மர வாங்கில இருந்தனான். நாலு பேர் போனனாங்கள். எங்களுக்கு வெளியில நிக்கவைச்சு சோடாப் போத்தில்லதான் தாறது. உள்ளுக்கு இருந்து கிளாசில தா எண்டு கேட்டம். சுடுதண்ணியைத்தான் ஊத்தினாங்கள்." சட்டைக் கையை உயர்த்தி முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய தோலைக் காட்டினார். எத்தனை சனிக்கிழமை எங்கள் வீட்டில் அந்தக் கை நீட்டிக் குவளையை வாங்கியிருக்கிறது.

ஆசிரியையின் கயிற்றில் மாணவர்கள் கோப்பி கேட்டு அமர்ந்த அட்டை என் நினைவில் வந்தது. ஏறக்குறைய அதே காலம்.

"அப்பிடி இருந்திட்டு, எங்கட வீட்டில ஏன் அதில குடிச்சனீங்கள்?"

"அந்த றோட்டில தமிழ் கதைச்சது உங்கட வீடு ஒண்டுதான். பிள்ளைக்குத் தலை பின்னவும் ஆள் வேணும்." யன்னலைப் பார்த்தார். "உன்ர அம்மா நல்ல மனுசி." கொஞ்ச நேரம் கழித்து, "எண்டாலும்" என்றார். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

புறப்படும்போது, "வாறன் மாமா" என்றேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்த சொல்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு கணம் பார்த்தார். "அங்கிள் எண்டே கூப்பிடு பிள்ளை. பழகிப்போச்சு."

இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை போகிறேன். அவர்தான் தேத்தண்ணி போடுவார். குடித்து முடித்து நான் தம்ளர்களைக் கழுவுவேன், அவர் வேண்டாம் என்பார். அப்பா போய்ப் பத்து வருடம். அம்மா இல்லை. ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தோழி தூரத்தில் இருக்கிறாள், அவளுடைய மௌனத்துக்கு நியாயம் இருக்கிறது. அந்த மாலையில் அந்த வரிசையில் இருந்த மூவரில் இன்று இருப்பவர் அவர் ஒருவர். அவருக்கு எதிரே நின்று மாற்றிச் சொன்ன நானும் இருக்கிறேன்.